எந்தச் சபையில் சேருவது? அட்டவணை போட்டும் முடிவு வரவில்லை

தோமாவின்தங்கை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 34 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது மெதடிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 15 வயதில் திடப்படுத்தலும் (விசுவாசத்தை நானே அறிக்கையிட்டு உறுதிசெய்யும் சடங்கு) ஆனது. அதற்குப் பிறகு ஆராதனைக்குப் போனதெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான். 27 வயதில் அப்பா இறந்தார். அந்தச் சமயத்தில் ஒரு தோழி தன்னுடைய பெந்தெகொஸ்தே ஜெபக்குழுவுக்குக் கூட்டிப்போனாள். ஜெபம் என்பது மனப்பாடம் செய்த வரிகளை ஒப்பிப்பது அல்ல என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஆறு வருடம் அந்தச் சபையில் இருந்தேன். அங்கே பெற்றதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது.

ஒன்று, அந்நியபாஷை, அதாவது பரிசுத்த ஆவியின் வரமாக, கற்காத பாஷையில் ஜெபிப்பது. எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அந்த வரத்துக்காக ஜெபிக்கும் காத்திருப்புக் கூட்டத்தில் முழங்காலில் நிற்பேன். ஒரு அக்கா என் தலையில் கை வைத்து, "நாக்கைத் தளர்த்தி விடும்மா, அல்லேலூயாவை வேகமாகச் சொல்லிக்கொண்டே இரு, தானாக மாறும்" என்பார். சொன்னேன். வாய் உலர்ந்ததுதான் மிச்சம். ஒருநாள் பக்கத்தில் இருந்த பெண் பேசியதைக் கேட்டு, அதே மாதிரி இரண்டு மூன்று அசைகளை நானே சொல்லிவிட்டேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டினார்கள். அந்த அக்கா அழுதேவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை, யார் பெயரில் சொன்னேன்?

இரண்டு, ஞானஸ்நானம். தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுக்காமல் பந்தியில், அதாவது திருவிருந்தில், சேர்க்கமாட்டோம் என்றார்கள். "குழந்தையில் உங்களுக்கு நடந்தது ஞானஸ்நானமே இல்லை, தலை நனைந்தது, அவ்வளவுதான்" என்றார் பாஸ்டர். தேதிகூடக் குறித்தார்கள். நான் போகவில்லை. அதற்குப் பிறகு அங்கே தலைகாட்ட முடியவில்லை.

எட்டு மாதமாக எங்கும் போகவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஒரு அட்டவணை போட்டேன். கத்தோலிக்கம், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று ஏழு பத்தி. குழந்தை ஞானஸ்நானம் (தெளிப்பு), விசுவாசிக்கு ஞானஸ்நானம் (முழுக்கு), திருவிருந்து, வரங்கள், பெண் போதகர், இரட்சிப்பு விசுவாசத்தாலா கிரியையாலா (நற்செயல்களாலா), இப்படிப் பதினொரு வரிசை. ஒத்துப்போனால் ஒன்று, பாதி ஒத்துப்போனால் அரை. கூட்டிப் பார்த்தால் லுத்தரன் 7, ஆங்கிலிக்கன் 6.5, பாப்டிஸ்ட் 6.5. அரை மதிப்பெண் வித்தியாசத்தில் நித்தியத்தைத் தீர்மானிப்பதா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

உங்களில் சபை மாறியவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்?

---

வேதம்மட்டும் எழுதியது:

சகோதரி, வேதத்தில் லுத்தரனும் இல்லை, மெதடிஸ்டும் இல்லை. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கொரிந்தியர் சொன்னபோது பவுல் கண்டித்தார். பெயர்ப்பலகை எதுவும் இல்லாமல் வசனத்தை மட்டும் பிரசங்கிக்கிற ஒரு சபைக்குப் போங்கள். அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள்.

---

மெழுகுவத்தி எழுதியது:

கிழிக்க வேண்டாம், ஒரு திருத்தம் மட்டும். கத்தோலிக்கப் பத்தியில் "கிரியையால்" என்று குறித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் (கடவுள் முன் ஒருவர் எப்படி நீதிமான் ஆகிறார் என்பது) பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியால் அல்ல, கிருபையால்தான் என்று இரு தரப்பும் சேர்ந்தே சொல்கிறது அது. 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். அதனால் எல்லாம் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பாப்பரசர், மரியாள், உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தபின் ஆன்மா சுத்திகரிக்கப்படும் நிலை) எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. ஒரு சபை நம்புவதை அதன் எதிராளியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

---

தூபக்கால் எழுதியது:

எனக்கும் ஒரு திருத்தம். குழந்தை என்றால் தெளிப்பு, பெரியவர் என்றால் முழுக்கு என்று இரண்டு வரிசையில் அடக்கியிருக்கிறீர்கள். எங்கள் ஆர்த்தடாக்ஸ் சபையில் கைக்குழந்தையைத்தான் தண்ணீரில் மூன்று முறை முழுக்குகிறோம். அதே நாளில் எண்ணெய் பூசி, திருவிருந்தும் கொடுத்துவிடுவோம். திடப்படுத்தலுக்கு 15 வயது வரை காத்திருப்பதில்லை. அந்தப் பக்கம் பார்த்தால், மெனோனைட்டுகள் விசுவாசித்த பெரியவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் கொடுப்பார்கள், ஆனால் பெரும்பாலும் தலையில் தண்ணீர் ஊற்றித்தான். எவ்வளவு தண்ணீர் என்பது ஒரு கேள்வி, யாருக்கு என்பது வேறு கேள்வி. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

எங்களிடம் வந்தால் சனிக்கிழமை மாலை ஜெபத்துக்கு வாருங்கள். ஞாயிறு வந்தால் நற்கருணையில் (திருவிருந்தில்) சேர முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் முன்னால் வந்து, குருவானவர் மெல்ல மறுத்து, முகம் சிவந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

---

கடைசிவரிசை எழுதியது:

தங்கச்சி, எனக்கு 58 வயது. பாப்டிஸ்டாக வளர்ந்தேன், நடுவில் மெதடிஸ்டாக இருந்தேன், 16 வருடமாக லுத்தரன். திருவிருந்து முடிந்ததும் கிண்ணங்களைக் கழுவி வைப்பது என் வேலை. போதகர் இல்லை, இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அட்டவணை இருக்கட்டும். கூட்டுத்தொகையை மட்டும் அழித்துவிடுங்கள்.

1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டையில் ஜெர்மனியின் சீர்திருத்தவாதி லூதரும் சூரிச்சின் சீர்திருத்தவாதி ஸ்விங்லியும் உட்கார்ந்து பேசினார்கள். பதினைந்து அம்சங்கள். பதினான்கில் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவது திருவிருந்து, அதிலும் கிறிஸ்துவின் சரீரம் அப்பத்தில் மெய்யாகவே இருக்கிறதா என்ற ஒரே கேள்வி. "இது என் சரீரம்" என்பதை லூதர் மேசையில் சாக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். "இது" என்றால் இதுதான், குறிக்கிறது என்று மாற்றமாட்டேன் என்று நின்றார். உங்கள் கணக்குப்படி நூற்றுக்கு 93 மதிப்பெண். ஆனாலும் இரண்டு பேரும் இரண்டு சபையாகத்தான் ஊர் திரும்பினார்கள். அவர்கள் செய்தது சரியா தவறா என்பது இருக்கட்டும். பதினொரு வரிசைக்கும் ஒரே எடை கிடையாது என்பதைப் பாருங்கள். சில வரிசைகளோடு சமரசம் செய்துகொண்டு வாழலாம், சிலவற்றோடு முடியாது. எது எது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

உங்கள் விஷயத்தில் ஞானஸ்நானம்தான் அந்த வரிசை. இதற்கு அரை மதிப்பெண் போட வழியே இல்லை. குழந்தையில் நடந்தது ஞானஸ்நானம் என்றால் அது ஆகிவிட்டது, இன்னொன்று கிடையாது. இல்லை என்றால் இன்னும் நடக்கவே இல்லை. இந்தக் கேள்விக்காக உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். பெலிக்ஸ் மான்ஸ் என்ற இளைஞரை 1527 ஜனவரியில் சூரிச் நகரத்து லிம்மத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள், பெரியவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்த குற்றத்துக்கு. தண்டனை கொடுத்ததும் சீர்திருத்தச் சபைக்காரர்கள்தான். நான் பாப்டிஸ்டாக வளர்ந்தவன், அந்தப் பெயரைக் கேட்டால் இன்னும் தொண்டை அடைக்கும். அதனால் முழுக்கு ஞானஸ்நானக்காரர்களை லேசாகப் பேசமாட்டேன்.

ஆனால் மறுபக்கமும் கேளுங்கள். நான்காம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவில் டொனாடிஸ்டுகள் என்று ஒரு கூட்டம். உபத்திரவ காலத்தில் விசுவாசத்தைக் காட்டிக்கொடுத்த ஆயர்கள் செய்த சடங்குகள் செல்லாது என்றார்கள். மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பின்னால் வந்த ஆயர் அகஸ்தீன் இதை மறுத்தார்: ஞானஸ்நானம் கொடுக்கிறவர் கிறிஸ்து, கொடுக்கிற கை அழுக்காக இருந்தாலும் அது கெடாது. கி.பி. 381-ன் விசுவாசப் பிரமாணத்தில் (விசுவாச அறிக்கையில்) உள்ள "ஒரே ஞானஸ்நானம்" என்ற வரியை மேற்கத்திய சபைகள் இந்தப் பொருளில்தான் எடுத்துக்கொள்கின்றன. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுத்திருந்தால் கத்தோலிக்கரும் லுத்தரனும் ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் மறுபடி கொடுக்கமாட்டார்கள். பாப்டிஸ்டும் பெந்தெகொஸ்தேயும் பிரதரனும் பொதுவாகக் கேட்பார்கள். ஆர்த்தடாக்ஸ் இடத்துக்கு இடம் மாறும், தூபக்கால்தான் சொல்ல வேண்டும்.

ஆக, இந்த ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொன்னால் ஏழு பத்தியில் இரண்டு மூன்று தானாக அடிபட்டுவிடும். குறித்த தேதிக்கு நீங்கள் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் போகவில்லை? பயமா, வெட்கமா, இல்லை "எனக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது" என்று உள்ளே ஏதோ சொன்னதா? அதை யோசியுங்கள்.

அடுத்து, நான் செய்த தப்பு. மெதடிஸ்ட் சபைக்கு நான் போனதே ஒரு பிரசங்கியாருக்காக. ரோமர் நிருபத்தை அவர் எடுத்துச் சொன்ன விதம் அப்படி. 14 மாதத்தில் அவரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போதகர்களை இப்படிச் சுற்றில் அனுப்புவது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி காலத்திலிருந்தே அவர்கள் வழக்கம் என்பதுகூட எனக்குத் தெரியாது. புதிதாக வந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஒவ்வொரு வாரமும் அவரை முந்தியவரோடு ஒப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாவம் அவர். ஆளைப் பார்த்துச் சேராதீர்கள்.

அப்புறம், ஒரு சபையை அறிய ஞாயிறு ஆராதனை மட்டும் போதாது. அடக்க ஆராதனைக்குப் போங்கள். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நான் அங்கேதான் முடிவு செய்தேன். என் சித்தி கடைசிப் பத்து வருடம் எந்தச் சபைக்கும் போகவில்லை. நினைவு தப்பும் நோய். அடக்கத்தன்று போதகர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அரைமணி நேரம் எங்களுக்கு எச்சரிப்புப் பிரசங்கம் செய்தார். சித்தியின் பெயரை ஒருமுறைதான் சொன்னார், அதுவும் எப்படி ஆகக்கூடாது என்பதற்கு உதாரணமாக. அது எந்தச் சபை என்பது வேண்டாம். சில மாதம் கழித்து உடன் வேலை பார்த்த ஒருவருடைய தகப்பனார் இறந்து லுத்தரன் ஆராதனைக்குப் போனேன். அவரும் சபைப் பக்கம் வராதவர்தான். போதகர் முதலில் அவருடைய ஞானஸ்நானத்தைப் பேசினார். எழுபது வருடத்துக்கு முன்னால் கடவுள் இந்த மனிதரைப் பெயர் சொல்லிப் பிடித்தார், இவர் விட்டாலும் அவர் விடவில்லை என்பது போல. அந்தக் குழந்தை அன்று எதையும் நம்பிக் காட்டவில்லையே என்று என் பாப்டிஸ்ட் மூளை எதிர்த்தது. கண் மட்டும் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து லூதருடைய சிறிய ஞானோபதேசத்தைத் தேடிப் படித்தேன்.

இன்னொன்று, வருடாந்தர சபைக் கூட்டம். அன்று பின்னால் உட்கார்ந்து கேளுங்கள். போதகர் தப்பு செய்தால் யார் கேட்பார்கள்? கணக்கை யார் பார்க்கிறார்கள்? ஆங்கிலிக்கன் மாதிரி பேராயர் கேட்பாரா, பிரெஸ்பிட்டேரியன் மாதிரி மூப்பர் குழு கேட்குமா, பாப்டிஸ்ட் மாதிரி சபையாரே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்களா? மூன்றிலும் ஓட்டை உண்டு. யாரும் கேட்க முடியாது என்றால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

வேதம்மட்டும் தம்பிக்கு ஒரு வார்த்தை. பலகையைக் கழற்றிவிட்டால் கொள்கை கழன்றுவிடாது. உங்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டா? அப்பம் மாதம் ஒருமுறையா வாராவாரமா? பெண்கள் பிரசங்கிக்கலாமா? இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருப்பீர்கள். அந்தப் பதில்தான் பலகை. எழுதி வைக்காததால் புதிதாக வருகிறவருக்கு அது ஒரு வருடம் கழித்துத்தான் தெரியவரும். இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுத்து, திரித்துவத்தை மறுக்கிற கூட்டமும் உண்டு. 1916-ல் அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபையிலிருந்து பிரிந்தவர்களின் வழி அது. வெளியிலிருந்து பார்த்தால் பாட்டும் கைதட்டலும் ஒரே மாதிரி இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கும் எல்லாம் ஒத்துப்போகிறது என்று நினைக்காதீர்கள். நான் இருக்கும் லுத்தரன் அமைப்பு மற்றச் சபையாருக்குப் பந்தி கொடுப்பதில்லை. எல்லா லுத்தரனும் அப்படி இல்லை, எங்களில் அப்படி. என் தங்கை இன்னும் பாப்டிஸ்ட். அவள் வந்திருக்கும் ஞாயிறுகளில் நான் எழுந்து முன்னால் போவேன், அவள் உட்கார்ந்திருப்பாள். 16 வருடமாகிறது, பழகவில்லை.

---

மேல்வீடு120 எழுதியது:

நான் பெந்தெகொஸ்தே சபை மூப்பர், 19 வருடமாக. அந்நியபாஷை வரம் எனக்கு உண்டு, அதை விலைபேச மாட்டேன். ஆனால் நாக்கைத் தளர்த்தச் சொல்லிக் கற்றுக்கொடுத்தது தப்பு. பலருக்கு இது நடக்கிறது. கற்றுக்கொடுத்த அந்த அக்காவும் ஒருவேளை இப்படித்தான் தொடங்கியிருப்பார். அவர்மேல் கோபம் வேண்டாம்.

வில்லியம் சீமோர் லாஸ் ஏஞ்சல்ஸில் பாஷையே ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளம் என்று பிரசங்கிக்கத் தொடங்கியபோது அவருக்கே இன்னும் அது வந்திருக்கவில்லை. அசூசா தெரு எழுப்புதலின் தலைவர் அவர், வருடம் 1906. அவர் நடிக்கவில்லை, காத்திருந்தார். பெந்தெகொஸ்தே என்றால் எல்லாரும் ஒரே மாதிரி போதிக்கிறோம் என்றும் இல்லை. அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் பாஷையை முதல் அடையாளமாகச் சொல்லும், எலிம் சபை அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று கொரிந்தியருக்குப் பவுல் கேட்டது, இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துத்தான். எங்கள் ஆட்கள் அதற்கு வேறு விளக்கம் தருவார்கள், எனக்கும் தெரியும். எனக்கு அந்த விளக்கம் முழுதாக உட்காரவில்லை.

அந்த மூன்று அசையைப் பற்றி: இங்கே எழுதிவிட்டீர்கள். முடிந்தால் அந்தத் தோழியிடம் நேரில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். எந்தச் சபைக்குப் போனாலும் அதை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

---

தோமாவின்தங்கை எழுதியது:

மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன்.

கடைசிவரிசை அண்ணா கேட்ட கேள்விதான் விடவில்லை. ஏன் போகவில்லை? பயம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நேற்று அம்மாவிடம் என் ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்து வந்தார். மடிப்பில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருக்கிறது. என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அதைக் கையில் வைத்திருந்தபோது, இது செல்லாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாதத்தில் பாப்டிஸ்டுகள் சொல்வதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை, ஆனால் இன்னொன்று எடுத்தால் அது பொய்யாகத்தான் இருக்கும். அந்த மூன்று அசை மாதிரி.

அதனால் இரண்டு பத்தியை அடித்துவிட்டேன். மேல்வீடு அண்ணா, வருத்தப்படாதீர்கள், பெந்தெகொஸ்தேவை அடிக்கும்போது கை தயங்கியது. தோழியிடம் பேசிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "எனக்கும் முதல் தடவை என்ன வந்தது என்று நிச்சயமில்லை" என்றாள்.

ஆர்த்தடாக்ஸ் சனிக்கிழமை ஜெபத்துக்குப் போகிறேன், லுத்தரன் ஆராதனைக்கு இந்த ஞாயிறு. அம்மாவின் மெதடிஸ்ட் சபையில் பந்தி எல்லாருக்கும் திறந்தது என்பதால் அங்கே எப்போது வேண்டுமானாலும் போகலாம், அவசரமில்லை. ஒரு சின்ன சந்தேகம் மட்டும். லுத்தரன் சபையில் பந்திக்கு எல்லாரும் எழுந்து போகும்போது நான் என்ன செய்வது? சும்மா உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவா?

---

கடைசிவரிசை எழுதியது:

இல்லவே இல்லை. பல இடங்களில் முன்னால் போய் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டால் அப்பத்துக்குப் பதில் ஆசீர்வாதம் தருவார்கள். ஆராதனைக்கு முன்னால் வாசலில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பதானால் வரிசையின் நடைபாதை ஓரத்தில் உட்காராதீர்கள், சுவர்ப் பக்கம் போய்விடுங்கள். இல்லாவிட்டால் மொத்த வரிசையும் உங்கள் முழங்காலைத் தாண்டித்தான் போகவேண்டும், திரும்பி வரும்போதும் அதே கதைதான்.